நின்றால் நிற்கும் இஞ்சின்: கூடக் காசு கொடுக்கலாமா?

சென்ற இதழில் குளிர்காலச் சில்லு மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். இம்முறை ஊரிலே ஓடும் ஸ்கூட்டியில் தொடங்கி, எங்கள் வீட்டு வாசலில் நிற்கும் காரில் வந்து முடிக்கப்போகிறேன். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சம்பந்தம் இருக்கிறது.

அக்காவின் மகள் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கு வேலைக்குப் போய் வருகிறாள். பின்னேரம் வேலை முடிந்து பஸ்சுக்கு நிற்பது கரைச்சல் என்றபடியால் அவளுக்கு ஒரு ஸ்கூட்டி எடுத்துக் கொடுப்பதென்று நாங்கள் சகோதரங்கள் காசு சேர்த்திருந்தோம். போன மாதம் கடையில் நின்றுகொண்டே தொலைபேசி எடுத்தாள். “மாமா, இதில ரெண்டு விதம் இருக்கு. ஒண்டு லைற்றில நிண்டா இஞ்சின் தானா நிண்டிடுமாம், றேஸ் குடுத்தா தானா ஸ்ராட் வருமாம். அது முப்பத்தையாயிரம் ரூபா கூட. கடைக்காரர் பெற்றோல் பாதியாக் குறையும் எண்டுறார். என்ன செய்யிறது?”

35,000 ரூபா என்பது எனக்கு ஒரு சனிக்கிழமை ஓவர்ரைம். இப்படியான தொலைபேசி அழைப்பு இந்தப் பத்திரிகையை வாசிக்கிற பல வீடுகளுக்கும் வந்திருக்கும். காரணம் உண்டு. இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள். அந்த ஐந்து வருடமும் சனங்கள் பழைய ஸ்கூட்டிகளையே யானை விலை கொடுத்து வாங்கினார்கள். அதே ஐந்து வருடத்தில் இந்தியாவில் ஸ்கூட்டர்கள் மாறிவிட்டன. 2019இல் ஹொண்டா அக்ரிவா 125 இந்த வசதியோடு வந்தது. 2020இல் தமிழ்நாட்டு ஓசூர்க் கொம்பனியான ரி.வி.எஸ். தன்னுடைய ஜூபிற்றரில் ‘இன்ரெலிகோ’ என்ற பெயரில் போட்டது. அதற்கு முதலே 2014இல் ஹீரோ கொம்பனி ஒரு ஸ்பிளென்டர் மோட்டார் சைக்கிளில் இதைக் கொண்டுவந்திருந்தது. 2010இல் வந்த ஹொண்டா பி.சி.எக்ஸ். ஸ்கூட்டரிலும் இருந்தது. ஆகவே விஷயம் புதிதல்ல, எங்கள் ஊர்க் கடை வாசலுக்குத்தான் புதிது.

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்கூட்டியில் பொத்தானை அமத்தினால் ‘கிர்ர்’ என்று ஒரு சத்தம் வரும் அல்லவா? அது தனியான ஒரு சின்ன மோட்டார், பற்சில்லுகளைக் கொண்டு இஞ்சினைச் சுழற்றும் சத்தம். ஒவ்வொரு லைற்றிலும் நிறுத்தி எடுத்தால் அந்தப் பற்களும் மோட்டாரும் கெதியில் தேய்ந்துபோகும். புது முறையில் அந்தத் தனி மோட்டாரை எடுத்துவிட்டார்கள். இஞ்சின் தண்டிலேயே பூட்டியிருக்கிற, பற்றறிக்கு மின்சாரம் கொடுக்கிற மின்பிறப்பாக்கி இருக்கிறதே, அதற்கே மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து மோட்டாராகச் சுழலவைக்கிறார்கள். பல்லும் இல்லை, சத்தமும் இல்லை. சும்மா ‘புக்’ என்று எடுபடும். இது கெட்டித்தனமான வேலை என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. இந்தச் சத்தமில்லாத ஸ்ராட்டர் இப்பொழுது தானாக நிற்கும் வசதி இல்லாத மலிவான ஸ்கூட்டிகள் பலவற்றிலும் வருகிறது என்பதையும் கவனியுங்கள். கடைக்காரர் இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துச் சொல்லுவார்.

தானாக நிற்பதென்றாலும் கண்டபாட்டுக்கு நிற்காது. இஞ்சின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும், வண்டி ஓடி வந்து முழுதாக நிற்க வேண்டும், றேஸ் மூடியிருக்க வேண்டும். பிறகு சில விநாடிகளில் இஞ்சின் நிற்கும். பற்றறி பலவீனம் என்றால் நிற்கவிடக்கூடாது. வேண்டாமென்றால் நிறுத்திவைக்க ஒரு சுவிச்சும் இருக்கும்.

இனிக் காசுக் கணக்கு. இஞ்சின் சும்மா ஓடும்போது எவ்வளவு பெற்றோல் குடிக்கும்? கனடா அரசாங்கத்தின் இயற்கை வளத் திணைக்களம் 3 லீற்றர் இஞ்சின் உள்ள காருக்கு 10 நிமிடத்துக்கு 300 மில்லிலீற்றர் என்று சொல்லுகிறது. ஸ்கூட்டியின் இஞ்சின் 110 சிசி. அளவுப்படி பிரித்தால் 10 நிமிடத்துக்கு 11 மில்லிலீற்றர் வருகிறது. சின்ன இஞ்சின் தன் அளவுக்குக் கொஞ்சம் கூடத்தான் குடிக்கும் என்றபடியால் இரண்டு மடங்காக்கி 20 மில்லிலீற்றர் என்று வைப்போம். இது என் கொப்பிக் கணக்குத்தான், ஆய்வுகூடக் கணக்கு அல்ல. ஆனால் ஒரு முடிவு எடுக்க இது காணும்.

சுன்னாகத்தில் இருந்து காங்கேசன்துறை வீதியால் யாழ்ப்பாணத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் அளவில் வரும். வழியில் சிக்னல் லைற்றுகள் எத்தனை? நகரத்துக்குள் போனபிறகு ஒன்றிரண்டு. போய்வர எல்லாமாக ஐந்து நிமிடம் நிற்கிறாள் என்று வையுங்கள், அதுவே தாராளம். ஒரு நாளைக்கு 10 மில்லிலீற்றர். வருடம் 300 நாள் ஓடினால் 3 லீற்றர். லீற்றர் 300 ரூபா என்றால் 900 ரூபா. 35,000 ரூபாவை 900 ரூபா 900 ரூபாவாக எடுப்பதற்கு 38 வருடத்துக்கு மேல் வேண்டும். அதற்குள் மருமகள் பேரப்பிள்ளை கண்டுவிடுவாள்.

இதே ஸ்கூட்டியைக் கொழும்பிலே வெள்ளவத்தையில் இருந்து காலி வீதியால் கோட்டைக்கு ஓடினால் கதை வேறு. பம்பலப்பிட்டியில் நின்று, கொள்ளுப்பிட்டியில் நின்று, போக வர 25 நிமிடம் நின்றே கழியும். அப்பொழுது வருடம் 15 லீற்றர், 4,500 ரூபா. எட்டு வருடத்தில் போட்ட காசு வந்துவிடும். சென்னையில் இருக்கிறவர்களுக்கும் ஏறக்குறைய இப்படித்தான். அங்கே சில சந்திகளில் லைற்றுக்குப் பக்கத்திலேயே 120, 119, 118 என்று எண் குறைந்துகொண்டு போகும். அந்த இரண்டு நிமிடமும் நூறு ஸ்கூட்டர் சேர்ந்து புகை விட்டுக்கொண்டு நிற்பது, காசைவிட நெஞ்சுக்குத்தான் கேடு. டில்லியில் 2020 ஒக்ரோபரில் அரசாங்கமே ‘சிவப்பு லைற் என்றால் வண்டியை நிற்பாட்டு’ என்று ஒரு இயக்கம் தொடங்கி, சந்திகளில் ஆட்களை நிறுத்திச் சொல்லவைத்தது. அங்கே இந்த வசதிக்கு ஒரு நியாயம் இருக்கிறது. நிற்கும் நேரம் கூடக்கூட அதன் பெறுமதி கூடும். நிற்காமல் ஓடுகிற றோட்டில் அது ஒரு அலங்காரம்.

யாழ்ப்பாணத்தில் ஆட்கள் மெய்யாகவே கனநேரம் நிற்கிற இடம் லைற் அல்ல, புகையிரதக் கடவை. 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் வந்தபிறகு கேற் போட்டுவிட்டால் நாலைந்து நிமிடம் நின்றுதான் ஆகவேண்டும். அங்கே திறப்பைத் திருப்பி இஞ்சினை நிற்பாட்ட எந்தக் கம்பியூட்டரும் தேவையில்லை, கை போதும். பழைய ஸ்கூட்டியென்றாலும் ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தரம் கூட ஸ்ராட் பண்ணுவதால் ஒன்றும் கெட்டுவிடாது. 2022இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது எங்கள் சனம் இதைச் சொல்லிக்கொடுக்காமலே படித்தது. அந்த வருடம் யூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்குப் போனது. பிறகு கியூ.ஆர். அட்டை வந்து, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து கொடுத்தார்கள். வரிசையில் ஸ்கூட்டியை ஸ்ராட் பண்ணி நகர்த்தியவர் எவரும் இல்லை, எல்லோரும் உருட்டித்தான் போனார்கள்.

பற்றறியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். இஞ்சின் நின்றாலும் முன்லைற் எரிந்துகொண்டுதான் இருக்கும், எரிகிற மின்சாரம் பற்றறியில் இருந்து போகும், திரும்ப எடுக்கும்போதும் பற்றறிதான் இழுக்க வேண்டும். கிட்டக்கிட்ட ஓடுகிறவர்களுக்கு அது திரும்பச் சாச் ஏற நேரம் கிடையாது. ஒரு பற்றறி ஒரு வருடம் முந்தி மாற்ற வேண்டி வந்தால் மிச்சம் பிடித்த 900 ரூபா எந்த மூலைக்கு? உதைத்து எடுக்கிற கிக்கர் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். சில புது ஸ்கூட்டர்களில் அது இல்லை. பற்றறி இறங்கினால் றோட்டோரம் நிற்க வேண்டியதுதான். பொழுதுபட்டபிறகு தனியே வருகிற பிள்ளைக்கு அந்தக் கிக்கர் இருப்பது பெரிய தைரியம்.

காசைவிட முக்கியமான ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். தானாக நின்ற இஞ்சின், நிற்பாட்டிய இஞ்சின் அல்ல. சத்தம் இல்லை, ஆட்டம் இல்லை, ஆனால் றேஸ் கொஞ்சம் திரும்பினால் உடனே எடுபட்டு ஓடும். எங்கள் ஊரில் பிள்ளையை முன்னுக்கு நிற்கவைத்துக்கொண்டு ஓடுகிற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடை வாசலில் நிறுத்தி, இஞ்சின் நின்றுவிட்டதுதானே என்று தாய் ஒரு காலைக் கீழே வைத்துச் சாமான் பையை எடுக்கக் குனிகிறாள், பிள்ளை கைபிடியைத் திருகுகிறது. சொல்லத் தேவையில்லை. மீற்றரில் ஒரு லைற் மின்னிக்கொண்டிருக்கும், அது மின்னினால் வண்டி உயிரோடு இருக்கிறது என்று அர்த்தம். இறங்க முதல் திறப்பைத் திருப்பி எடுக்க வேண்டும். பக்கக்கால் போட்டால் இஞ்சின் எடுபடாத சுவிச் உள்ள ஸ்கூட்டி என்றால் இன்னும் நல்லது. இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார், காசு அனுப்புகிற நாங்கள் சொல்லிவிட வேண்டும்.

மருமகளுக்கு நான் சொன்ன பதிலில் பாதிப்பேர் என்னோடு சண்டைக்கு வருவீர்கள். கூடின விலைக்காரனையே எடுக்கச் சொன்னேன். விசாரித்துப் பார்த்தால் அந்த 35,000 ரூபாவுக்குள் முன்சில்லுக்கு டிஸ்க் பிரேக்கும் இருக்கிறது. மழைக்காலத்தில், குறுக்கே மாடு வருகிற றோட்டில், அந்தப் பிரேக்குக்கு அந்தக் காசைக் கொடுக்கலாம். தானாக நிற்கிற வசதி அதோடு இலவசமாக வந்ததென்று நினைத்துக்கொள்ளட்டும், சுன்னாகம் றோட்டில் அதன் சுவிச்சை நிற்பாட்டியே வைத்திருக்கட்டும். டிஸ்க் பிரேக் இல்லாமல் வெறும் இஞ்சின் நிற்கிற வசதிக்கு மட்டும் இந்தக் காசு கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பேன். மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்களுக்கு இந்தக் கேள்வியே கிடையாது, நின்றால் அது நின்றதுதான்.

இங்கே ஸ்கூட்டர் ஓட யோசிக்கிற இளம் பொடியங்களுக்கு ஒரு வரி. ஒன்ராறியோவில் அதற்குக் கார் லைசன்ஸ் காணாது, எம் வகை லைசன்ஸ் வேண்டும். பனிக்காலம் முழுக்க அதை மூடிவைக்க வேண்டும். மூடிவைத்த வண்டியில் எந்த வசதி இருந்தென்ன?

ஆனால் இதே வசதி எங்களில் கனபேரின் காருக்குள் ஏற்கெனவே இருக்கிறது. புதிதாக வந்தவர்கள் முதல் கார் வாங்கி ஸ்ரீல்ஸ் அவெனியூ லைற்றில் நின்றவுடன் இஞ்சின் நின்றுவிட, கார் பழுதாகிவிட்டது என்று பயந்த கதை எங்கள் பக்ரறியிலேயே இரண்டு பேர் சொல்லியிருக்கிறார்கள். பழுதில்லை. மீற்றரில் ஆங்கில ஏ எழுத்தைச் சுற்றி ஒரு அம்புக்குறி தெரிந்தால் அதுதான் இது. பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் திரும்ப எடுபடும். பிடிக்காவிட்டால் அநேகமான கார்களில் அதே அடையாளம் போட்ட பொத்தானை அமத்தி நிற்பாட்டலாம், ஆனால் ஒவ்வொரு முறை கார் எடுக்கும்போதும் திரும்ப அமத்த வேண்டி வரும். சனங்களுக்கு இது பிடிப்பதில்லை என்பது உண்மைதான். அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனத்தின் தலைவரே 2025 மே மாதம் இதை எல்லோரும் வெறுக்கிறார்கள் என்று பகிரங்கமாக எழுதினார். எனக்கு வெறுப்பில்லை. குயின் ஸ்ரீற்றிலும் ஹியூரொன்ராறியோவிலும் நிற்கிற நேரத்தைப் பார்த்தால், வெயில் காலத்தில் அது தன் வேலையைச் செய்யத்தான் செய்கிறது.

தை மாதத்தில் அது வேலை செய்யாது. இஞ்சின் குளிர்ந்திருந்தால், ஹீற்றர் பலமாக ஓடினால், பற்றறி பலவீனமாக இருந்தால் கார் இஞ்சினை நிற்கவிடாது. இதற்காக மெக்கானிக்கிடம் போய்க் காசு கொடுக்காதீர்கள். ஆனால் பற்றறி மாற்றும்போது கவனம். இந்த வசதி உள்ள கார்களுக்கு ஏ.ஜி.எம். போன்ற பலமான பற்றறிதான் போடவேண்டும். மலிவு என்று சாதாரணப் பற்றறி போட்டால் கெதியில் செத்துவிடும். பாவித்த கார் வாங்குகிறவர்கள் பொனற்றைத் திறந்து என்ன பற்றறி போட்டிருக்கிறது என்று பாருங்கள், விற்கிறவர் எப்படிப்பட்டவர் என்றும் அதிலேயே கொஞ்சம் தெரியும்.

இந்த வசதி இல்லாத பழைய கொரோலா, சிவிக் வைத்திருப்பவர்கள், மிச்சம் பிடிக்கிறேன் என்று ஒவ்வொரு லைற்றிலும் திறப்பைத் திருப்பாதீர்கள். அந்த ஸ்ராட்டர் அதற்குச் செய்ததல்ல. அதைவிட, திறப்பைத் திருப்பி வைத்திருக்கும்போது ஒருவர் வந்து இடித்தால் காற்றுப்பை விரியாமல் போகலாம். திணைக்களமும் 60 விநாடிக்கு மேல் நிற்பதென்றால் இஞ்சினை நிற்பாட்டு, ஆனால் போக்குவரத்துக்குள் நிற்கும்போது வேண்டாம் என்றே சொல்லுகிறது. திரும்ப எடுக்கச் செலவாகும் பெற்றோல் 10 விநாடி சும்மா ஓடுவதற்குச் சமம் என்பதும் அவர்கள் கணக்குத்தான். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்குக் காத்து நிற்பது, கடை வாசலில் மனைவி வரும்வரை நிற்பது, இவைதான் கையால் நிற்பாட்ட வேண்டிய இடங்கள். ஸ்காபரோவுக்குக் கோயிலுக்கும் சாமான் வாங்கவும் போகிறவர்களுக்கு இன்னொன்று: ரொறன்ரோ மாநகரசபை 1996இலேயே இதற்கு ஒரு சட்டம் போட்டது. முதலில் 3 நிமிடம் என்று இருந்ததை 2010இல் 1 நிமிடம் ஆக்கிவிட்டது. மீறினால் தண்டம்.

எங்கள் வீடுகளில் பெற்றோல் மெய்யாகக் கரைகிற இடம் லைற் அல்ல, விடியற்காலை வீட்டு வாசல். ஆறு மணி ஷிவ்ற்றுக்கு ஐந்தே காலுக்கே காரை ஸ்ராட் பண்ணிவிட்டுத் தேத்தண்ணி குடிக்கிறோம். இருபது நிமிடம் என்றால் சின்னக் காரிலும் கால் லீற்றருக்கு மேல் போய்விடும். இப்போதைய இஞ்சினுக்கு அரை நிமிடம், கடும் குளிரென்றால் ஒன்றிரண்டு நிமிடம் காணும். கண்ணாடியைச் சுரண்டி முடிக்க அது தயாராகிவிடும், பிறகு மெதுவாக ஓட்டினால் கெதியில் சூடேறும். திறப்பைக் காருக்குள் விட்டு உள்ளே போகிறவர்களுக்கு, இங்கே கார்க் களவு எப்படி என்று நான் சொல்லத் தேவையில்லை.

கராசுக்குள் மட்டும் ஒரு நிமிடமும் வேண்டாம், கதவைத் திறந்து வைத்திருந்தாலும் வேண்டாம். எங்கள் பக்ரறியில் புரோப்பேன் போர்க்லிவ்ற்றை நிறுத்தியவுடன் இஞ்சினை நிற்பாட்டாவிட்டால் சுப்பர்வைசர் சத்தம் போடுவார். அது பெற்றோல் மிச்சத்துக்காக அல்ல, காபன் மொனொக்சைட்டுக்காக. அதற்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தலையிடி வரும், நித்திரை வரும், அவ்வளவுதான் தெரியும். எங்களில் கனபேர் பேஸ்மென்றில் வாடகைக்கு இருக்கிறோம், மேல்வீட்டுக்காரரின் கராஸ் எங்கள் சுவரோடு ஒட்டியிருக்கும். அவர் உள்ளே இருந்தபடியே றிமோட்டால் காரை ஸ்ராட் பண்ணினால் புகை எங்கே போகும்? வீட்டோடு ஒட்டிய கராஸ் இருக்கும் வீடுகளில், படுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும் என்று ஒன்ராறியோவில் 2014 ஒக்ரோபரில் இருந்து சட்டம் உண்டு. வாடகை வீட்டில் அதைப் பூட்டித் தர வேண்டியது வீட்டுக்காரர். இன்று இரவே அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், எந்த வருடம் மாற்ற வேண்டும் என்று அச்சடித்திருக்கும். வருடம் கடந்திருந்தால், அல்லது அலாரமே இல்லையென்றால், நாளைக்கே மேலே போய்க் கேளுங்கள்.

ஊரில் இந்தப் புது ஸ்கூட்டியை ஓடிப்பார்த்த உறவினர் யாருக்காவது பற்றறி எத்தனை மாதம் நின்றது என்று தெரிந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். அடுத்த இதழில் சேர்த்துக்கொள்கிறேன்.